பெக்கோ மாமாவும் காற்றில் ஆடிய கிரேனும்

தன் வீட்டை இடிக்க வந்த மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதன் கீழே தேசிக்காய் வைத்து, அதை ஓட்டி வந்தவனுக்கு ஏலக்காய் போட்ட தேத்தண்ணியும் கொடுத்த மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கடலுக்கு இறங்குகிற எங்கள் சின்னத் தெருவில், எங்கள் ஒழுங்கையில் இருந்தார். புது வாகனம் வாங்கினால் தேசிக்காய் நசித்துத்தான் எங்கள் சனம் ஓட்டும். வீட்டை நசிக்க வந்த வாகனத்துக்கும் அந்த மரியாதையைச் செய்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் பெக்கோ மாமா. மண் தோண்டுகிற எந்த மெஷினையும் கொழும்பில் பெக்கோ என்றுதான் சொல்வோம். மாமாவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

"முன்னுக்கு அகலமான வாளி, பின்னுக்குத் தும்பிக்கை, ரப்பர் சில்லு. அதுதான் பெக்கோ. சங்கிலியில ஓடுறது எக்ஸ்கவேற்றர். மண்ணைத் தள்ளிக்கொண்டு போறது டோசர். ஆட்டையும் மாட்டையும் ஆரும் ஒண்டெண்டு சொல்லுவினமே?"

இவ்வளவு விளங்கப்படுத்தியும் அவருக்கே பெக்கோ என்று பெயர் வைத்துவிட்டோம். எங்கள் வெள்ளவத்தைச் சனத்திடம் வாய் கொடுத்தால் அப்படித்தான்.

மனிதர் எஞ்சினியர் என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்நாள் முழுக்க ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். சுவரில் கலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தாலும் பாதிச் சுவர் கொட்டும். கண்ட மெஷின் டிரைவரையெல்லாம் மறித்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, கேள்வி கேட்டே சேர்த்த அறிவு அது. அதில் பாதி பிழை என்று என் எஞ்சினியர் நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

வீட்டை ஏன் இடித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது. அவர்களுடையது பழைய வீடு. அறைக்கு அறை ஒரு படி, கக்கூஸ் பின்வளவில். மாமியைத் தூக்கித் தூக்கி மாமாவின் முதுகும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கட்டிடக்காரன் ஒருவன் வந்தான். காணியைத் தந்தால் ஒன்பது மாடி எழுப்பி, முதலாம் மாடியை உங்களுக்கே தருகிறேன், லிப்ட் இருக்கும், கொமட் இருக்கும், சில்லுக் கதிரை போகிற அகலத்தில் கதவு இருக்கும் என்றான். எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் பாதி வீடுகள் அப்படித்தான் மாடியானவை.

மாமிக்கு மனமில்லை. கடைசியில் ஒரு கட்டளையோடு ஒத்துக்கொண்டா.

"என்ரை குசினி இருந்த மூலையிலதான் குசினி இருக்கவேணும். எங்க கொண்டுபோய் வைச்சாலும் என்னைத் திரும்ப அந்த மூலைக்குக் கொண்டுவந்திட வேணும். சொல்லிப்போட்டன்."

"கொண்டுவராமல் எங்க விடப்போறன்?" என்றார் மாமா.

அவ்வளவுதான் பேச்சு. ஒழுங்கையின் மறுகரையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். மாமிக்கு ஒரு கட்டில், ஒரு யன்னல்.

பிறகு மெஷின்கள் வரத் தொடங்கின. மாமாவின் பொற்காலமும் எங்கள் கேடுகாலமும் ஒரே நாளில் தொடங்கின. முதலில் மூக்கு நீண்ட எக்ஸ்கவேற்றர் வந்து டக டகவென்று சுவரைக் கொத்தியது. பிறகு அத்திவாரத்துக்குப் பைல் தூண் இறக்குகிற மெஷின். கடற்கரை மண்ணைத் துளைத்துக்கொண்டு அது இறங்க இறங்க, பக்கத்துக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் என் வீட்டு அலுமாரிக்குள் கிளாசுகள் தாமாகவே நகர்ந்தன. சாமிப் படம் ஒன்று விழுந்து உடைந்தபோது நான் கோபத்தோடு இறங்கிப் போனேன். மாமா தகர வேலி ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா, வீட்டில இருக்கேலாமல் கிடக்கு!"

"தம்பி, உது மணல். ஆழத்துக்குப் பைல் இறக்காட்டி கட்டிடம் மெல்ல மெல்ல நடந்து தெஹிவளைக்குப் போயிடும். பிறகு நாங்கள் பஸ் எடுத்துத்தான் வீட்டுக்குப் போகவேணும். பரவாயில்லையே?"

இப்படிச் சொல்பவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? நானும் பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

பின்னேரத்தில் மாமியின் கட்டிலடியில் இருந்து அன்றைய வேலையை ஒப்புவிப்பார். கொங்கிறீட் பம்ப் நீண்ட குழாயை வளைத்து மேலே சீமெந்துக் கலவையைத் துப்புவதை முழங்கையை மடக்கி நடித்துக் காட்டுவார். மிக்சர் லொறியின் வயிறு ஏன் ஓயாமல் சுற்ற வேண்டும், நின்றால் கலவை எப்படி இறுகும் என்று சொல்வார். மாமிக்குச் சிரிப்பு வரும். சில மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டே, "உது மிக்சர் லொறி, றிவேர்ஸ் வருது" என்று சொல்லும் அளவுக்கு மாமி தேறிவிட்டா.

கடைசியாக டவர் கிரேன் வந்தது. மாமாவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. எங்கள் கட்டிடத்தையும் தாண்டி உயர்ந்து நின்ற அதன் கையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடிப்போய் மாமியிடம் சொன்னார்.

"இஞ்சேரும், இதுதான் கடைசி மெஷின். மற்றதெல்லாம் வரும், போகும். இவர் முழு வேலையும் முடியுமட்டும் நிற்பார். இவர் இறங்கிற அண்டைக்கு நாங்கள் ஏறுவம்!"

மாமி தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தா. எங்கள் கட்டிடம் மறைத்ததால் கட்டிலிலிருந்து மாமிக்குக் கட்டிடவேலை தெரியாது. மொட்டைமாடிக்கு மேலே கிரேனின் கையின் நுனி மட்டும் வந்து வந்து போகும். அதுவே போதும் என்றா.

மூன்று தட்டுக் கொங்கிறீட் போட்டு முடிந்த நேரத்தில் நாடு கடனில் படுத்துவிட்டது. அந்தக் காலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நீங்களேதான் இதை வாசிக்கிறீர்கள். சீமெந்து வரவில்லை, கம்பி வரவில்லை, பிறகு வேலையாட்களும் வரவில்லை. கட்டிடக்காரனின் தொலைபேசி முதலில் எடுபடவில்லை, பிறகு வேலை செய்யவில்லை. கம்பிகளில் துரு வடிந்து கொங்கிறீட் தூணெல்லாம் மண்ணிறக் கோடு விழுந்தது. நிலத்தில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு குடியேறியது. அந்தக் கட்டிடத்தில் முதலில் குடிபூந்தது அதுதான்.

எத்தனையோ மாதம் சத்தத்துக்காகச் சண்டை பிடித்த ஒழுங்கை, சத்தம் இல்லாமல் செத்த வீடுபோலக் கிடந்தது. மாமா தகர வேலிக்கு முன்னால் நின்றார். உள்ளே காவலுக்கு ஒரு சிங்கள வொச்சர் மட்டும் இருந்தான். "வெட நே, மாத்தயா" என்று அவன் கையை விரிப்பான். வேலை இல்லை என்பது மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் நாளாந்தம் போய்க் கேட்டார்.

மாமிக்கு மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த நாளில்தான் அந்தக் காற்று வந்தது.

தென்மேல் பருவக் காற்று கடலிலிருந்து ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆளில்லாத அந்தக் கிரேனின் கை மெல்லத் திரும்பத் தொடங்கியது. முச்சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணரை நாங்கள் நானா என்போம்; அவர் கல்லாவை விட்டு வெளியே ஓடி வந்தார்.

"வேல தொடங்கி ஈக்கி! கிரேன் ஓடுது! அல்ஹம்துலில்லாஹ்!"

ஒழுங்கையே திரண்டது. நானா எல்லோருக்கும் சும்மா பிளேன்டீ ஊற்றினார். என் மனைவி பல்கனியிலிருந்து கை தட்டினாள். வொச்சர் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேலையில்லாத நேரம் கிரேனின் கையைப் பூட்டி வைக்க மாட்டார்களாம். காற்று தள்ளும் பக்கம் அது தானாகத் திரும்ப வேண்டும். பூட்டினால் காற்றோடு மல்லுக்கட்டி முழுக் கிரேனும் சரிந்துவிடும். ஒப்பரேற்றர் போகும்போது அப்படித்தான் விட்டுப் போயிருக்கிறான். எல்லோரும் குடித்த கோப்பைகளை நானா எடுத்துக் கழுவினார்.

மாமா அனெக்ஸுக்குள் போனபோது மாமி யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தா.

"இஞ்சாருங்கோ, கிரேன் ஓடுது. இவ்வளவு நாளும் நிண்டதல்லோ? நான் பயந்துபோனன்."

"ஓம். வேலை நடக்குது" என்றார் மாமா.

அன்றிலிருந்து அந்தக் கட்டிடத்தைக் காற்றுத்தான் கட்டியது. காற்று வீசினால் வேலை நாள். மாமா கட்டிலடியில் இருந்து வராத கம்பிக்கும் பூசாத சுவருக்கும் கணக்கொப்புவிப்பார். காற்று விழுந்தால்தான் எங்களுக்குச் சோதனை. கிரேன் ஏன் நிற்கிறது என்று மாமி கேட்பா. மாமியைப் பார்க்கப் போகிற எவனும் கையில் ஒரு சாட்டோடு போகவேண்டும் என்பது ஒழுங்கையின் எழுதாத சட்டம். பௌர்ணமிக்குப் போயா விடுமுறை, டீசல் இல்லை, ஊரடங்கு, கொங்கிறீட் காய்கிறது. இந்த நாட்டில் வேலை நடக்காததற்குக் காரணம் தேடி நாங்கள் ஒருநாளும் கஷ்டப்படவில்லை.

ஒருநாள் நான் ஒப்பரேற்றருக்கு டெங்கு என்று சொல்லிவிட்டேன். பின்னாலேயே வந்த நானா அது தெரியாமல், "ஒப்பரேட்டர் பொடியன் கலியாணத்துக்குப் போய் ஈக்கான் மாமி" என்றார்.

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. "டெங்கோட கலியாணமோ?"

மாமா ஒரு கணமும் தடுமாறவில்லை. "டெங்கு அவனுக்கு. கலியாணம் தங்கச்சிக்கு. காய்ச்சலோட எழும்பிப் போயிட்டான், பாவம்."

"பாவம்தான்" என்றா மாமி. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கிரேன் ஓடுது சரி. மிக்சர் லொறிச் சத்தத்தைக் காணேல்லையே?" என்று கேட்டா.

"இப்ப வாறது ஜப்பான் லொறி. சத்தம் வராது."

"றிவேர்ஸ் அடிக்கேக்கையும் வராதோ?"

"அது... றிவேர்ஸ் அடிக்கிறேல்லை. நேராத்தான் வரும்."

மாமி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. நானாவும் நானும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினோம்.

மாமிக்கு வருத்தம் கூடியது. களுபோவிலை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். இனி வைத்திருந்து பிரயோசனமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் தன்மையாகத்தான் சொன்னார். "எந்த வீட்டுக்கு?" என்று மாமா கேட்டாராம். டொக்டருக்கு விளங்கவில்லை. ஆட்டோவில் வரும்போது மாமா என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் இனிக் கேட்க விரும்பவில்லை.

அடுத்த கிழமை ஒரு காலை, ஒழுங்கையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மொபைல் கிரேன் வந்தது. சில்லில் ஓடி வந்து, நான்கு காலை ஊன்றி நின்று பாரம் தூக்குகிற வகை. டவர் கிரேன் வாடகைக்கு வந்ததாம். சொந்தக்காரன் அதைக் கழற்றிக்கொண்டுபோக ஆள் அனுப்பியிருந்தான். விஷயம் விளங்கியதும் மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

டிரைவர் மலையகத்துப் பொடியன். டவர் கிரேன் எழுப்ப வந்தபோதே மாமாவைத் தெரியும். கண்ணாடியால் தலையை நீட்டினான்.

"என்னங்க மாமா, இந்தத் தடவ எலுமிச்சம்பழம் இல்லீங்களா?"

மாமா அசையவில்லை. பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. கழற்றுவதற்காக ஏணியில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை மாமா அண்ணாந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து முன்சில்லுக்குக் கீழே வைத்தார். பழக்கத்தில் அதைக் கொண்டுதான் வந்திருக்கிறார்.

"உயரத்தில ஏறுற பெடியள். ஒண்டும் நடக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு விலகி வந்தார்.

கிரேனின் கை துண்டு துண்டாகக் காற்றில் இறங்கியது. மாமி அதை யன்னலால் பார்த்தா. மத்தியானம் மாமா என் வீட்டுக்கு ஏறி வந்து கதிரையில் இருந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, அவ என்ன கேட்டவ தெரியுமே? 'கிரேன் இறங்கினா நாங்கள் ஏறுவம் எண்டனீங்கள். இறங்கியாச்சு. எப்ப பால் காய்ச்சுறது?' எண்டு கேக்கிறா."

ஒழுங்கை முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சாட்டுகளில் ஒன்றும் இதற்கு உதவாது.

"உண்மையைச் சொல்லிவிடுங்கோ மாமா" என்றேன்.

"சொல்லலாம். கோவிச்சு, அழுது, பிறகு என்னை மன்னிக்கிறதுக்கு அவவுக்கு நேரம் காணாது, தம்பி." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முதலாம் மாடித் தட்டு இருக்குத்தானே. அவவின்ரை மூலை அங்க இருக்குத்தானே. நீர் கதிரையில ஒரு பக்கம் பிடிப்பீரோ?"

மறுநாள் காலை வொச்சர் வாசலில் மறித்தான். ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று கட்டளை. "பே, மாத்தயா, பே" என்று முடியவே முடியாது என்றான். அப்போது என் மனைவி கையிலிருந்த புதுப் பானையும் பாலும் அவன் கண்ணில் பட்டன.

"கிரி உதுரவனவத?" என்று கேட்டான்.

பால் பொங்கப்போகிறீர்களா என்பதுதான் கேள்வி. புது வீட்டில் சிங்களச் சனமும் அதைத்தான் செய்யும். அவன் வேறொன்றும் கேட்காமல் தகரக் கதவைத் திறந்தான். எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் படியைக் கூட்டினான்.

மாமியைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சேலையால் கட்டி, நானும் நானாவும் பின்னால் பிடிக்க, வொச்சர் முன்னால் பிடித்தான். கைபிடி இல்லாத படி. மாமாவின் முதுகு இடம் கொடாது என்பதால் அவர் மேற்படியில் ஏறி நின்று, கிரேனுக்குக் கைகாட்டுகிறவன் செய்வதுபோல இரண்டு கையாலும் சைகை காட்டினார்.

"மெல்ல... மேல... மேல... இடப்பக்கம் கொஞ்சம். ஹோல்ட்! ஹோல்ட்!"

"மாமா, நாங்க கிரேன் இல்ல, மனிசர். நடுப்படியில ஹோல்ட் பண்ண ஏலாது!" என்று நானா கத்தினார்.

கதிரையில் மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. அந்தச் சிரிப்பில் கதிரை ஆடி, நாங்கள் மூன்று பேரும் விழப் பார்த்தோம்.

மேலே தட்டும் தூண்களும் மட்டும்தான். நான்கு பக்கமும் வெளி. துருக்கம்பிகளும், வற்றாத மழைத்தண்ணீரும், கடலும் தெரிந்தன. மாமா கிழக்குப் பக்க மூலையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். இத்தனை நாளும் எங்களோடு சேர்ந்து பொய் சொன்ன காற்று, அன்றைக்குப் பார்த்து நெருப்பை அணைத்தது. மூட்ட மூட்ட அணைத்தது. நானா குடையை விரித்தார். வொச்சர் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து பிடித்தான். நான் சேட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாகப் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. என் மனைவி அழுதபடியே சங்குக்குப் பதிலாக வாயால் குரவையிட்டாள்.

அப்போதுதான் மாமி ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தா. சுவர் இல்லாததைப் பார்த்தா. லிப்ட் வரவேண்டிய இடத்தில் இருந்த குழியைப் பார்த்தா. மாமா தலையைக் குனிந்துகொண்டு விறகைக் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

"இஞ்சாருங்கோ" என்றா மாமி.

"ம்."

"யன்னல் எல்லாம் நல்ல பெரிசா வைச்சிருக்கினம்."

மாமா நிமிர்ந்தார். பிறகு கிண்ணத்தில் பாலை வார்த்து, ஊதி ஆற்றி, மாமியின் வாயில் வைத்தார்.

"காத்து நல்லா வருது" என்றா மாமி, குடித்துவிட்டு. "இது என்ரை மூலைதான்."

அந்த மாதம் முடியுமுன் மாமி போய்விட்டா. அனெக்ஸில்தான் போனா. ஆனால் போகுமட்டும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், பால் காய்ச்சியாச்சு, இனிச் சாமான் ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தா.

கட்டிடம் இன்னும் அப்படியே நிற்கிறது. யாரோ வாங்கப்போகிறார்கள் என்கிறார்கள், வழக்கு என்கிறார்கள். மாமா அதே பிளாஸ்டிக் கதிரையைத் தகர வேலிக்கு முன்னால் போட்டுப் பின்னேரங்களில் இருப்பார். வேறு ஒழுங்கைக்குப் போகிற மிக்சர் லொறியின் சத்தம் கேட்டால் தலை மட்டும் நிமிரும். நான் வேலை முடிந்து கந்தோரால் வரும்போது என்னைக் கூப்பிடுவார்.

"ஏன் தம்பி, இண்டைக்கும் வேலை நடக்கேல்லை?"

"இண்டைக்குப் போயா, மாமா."

அது சாதாரணச் செவ்வாய்க்கிழமை என்று அவருக்கும் தெரியும். என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். "ஓமோம். போயா எண்டால் என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டுக் கதிரையை எடுக்காமல் அப்படியே விட்டு, மெல்ல அனெக்ஸுக்குள் போவார்.

ஒரே சாட்டை இரண்டு தரம் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இப்போதெல்லாம் காலி வீதியில் பஸ்ஸால் இறங்குமுன்பே, மாமாவுக்கென்று புதிதாக ஒன்றை யோசித்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.